கரையில் பாடி, கடலில் படுத்த எஞ்சின்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு புதிய வேலை வந்து சேர்ந்திருக்கிறது. கைபேசியில் எஞ்சின் சத்தம் கேட்டு நோய் சொல்லும் வேலை. கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் இளம் மெக்கானிக்குகள் குரல்பதிவு அனுப்புகிறார்கள். காக்கா என்று அண்ணன்முறை வைத்துச் சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, என் சர்க்கரை நோய்க்கு மருந்தும் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்வார்கள்.

"காக்கா, பழைய எஞ்சின் ஒண்டு. கரையில சோக்கா ஓடுது. கடலுக்குப் போனா நிக்கிது. காபரேட்டர் கழுவிட்டம். மறுகா என்ன செய்யிற?"

எண்ணெயையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் சின்னப் பாகம் அந்தக் காபரேட்டர். எங்கள் கரையில் படகு எஞ்சினுக்கு எந்த நோய் வந்தாலும் முதலில் அதைத்தான் கழட்டுவார்கள். தாங்கியில் எண்ணெயே இல்லாவிட்டாலும் கழட்டிக் கழுவுவார்கள். கழுவிய பிறகு எண்ணெய் ஊற்றுவார்கள். எஞ்சின் ஓடும். "பாத்தீங்களா, காபரேட்டர்தான்" என்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் மஜீத் போர்மனும் ஹாஜியாரின் எஞ்சினும் பற்றிய கதையை எழுதியே வைத்துவிடுகிறேன். கேட்பவர்கள் வாசித்துக்கொள்ளட்டும்.

நான் தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், ஏச்சு வாங்கினேன், கையைச் சுட்டுக்கொண்டேன். ஒருநாள் யாரோ "மெக்கானிக்" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது எங்கள் வேலைத்தளம். பெயர்ப்பலகையில் "வெளியிணைப்பு இயந்திரத் திருத்தகம்" என்று எழுதியிருக்கும். அதை முழுதாக வாசித்த மீனவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எல்லோருக்கும் அது "எஞ்சின் கடை".

அங்கே வந்த எஞ்சின்களில் பாதிக்கு நோயே இல்லை, நோய் உரிமையாளருக்குத்தான் என்பது என் அனுபவம். ஒருவர் பழைய படகு வாங்கி, வந்த சந்தோசத்தில் தாங்கியின் மூடிவரை பச்சைப் பெயின்ற் அடித்தார். மூடியில் காற்றுப் போவதற்கு ஒரு சிறு துவாரம் உண்டு. அதற்கும் சேர்த்து அடித்துவிட்டார். காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு எஞ்சின் நிற்கும். நான் குண்டூசியால் ஒரு குத்துக் குத்தினேன். எஞ்சின் சுகமாகிவிட்டது. அவருக்குத்தான் மனம் ஆறவில்லை. "காபரேட்டரையும் ஒருக்காக் கழுவிப் போடுங்களன்" என்றார்.

இன்னொருவர் எண்ணெய்த் தாங்கியைக் கூரைத் தாழ்வாரத்துக்கு நேர் கீழே வைத்திருந்தார். மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருந்தது. எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஓரமாக வைத்தால் தண்ணீர் கீழே தங்கும், எண்ணெய் மேலே நிற்கும். அதைக் கண்ணால் கண்ட பிறகும் அவர் நம்பவில்லை. யாரோ வயிற்றெரிச்சல்காரர் செய்வினை செய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே போனார்.

இனி மஜீத் போர்மன்.

அவர் சம்மாந்துறைக்காரர். சம்மாந்துறையில் வயல் உண்டு, அரிசி ஆலை உண்டு, வீதியெல்லாம் உழவு இயந்திரம் உண்டு. கடல் மட்டும் இல்லை. உழவு இயந்திரம் திருத்திப் பேரெடுத்த மனிதரை முதலாளி எங்களுக்கு மேலே போர்மனாக, அதாவது தலைமை மெக்கானிக்காக, கொண்டுவந்தார். எஞ்சின் விசயத்தில் கெட்டிக்காரர், அதை மறுக்க ஏலாது. ஆனால் இத்தனை வருடம் படகு எஞ்சின் திருத்தியவர் ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை. கடற்கரைக்குப் போனாலும் ஈரமண் தொடங்குகிற இடத்தில் சப்பாத்தோடு நின்றுவிடுவார்.

உடுப்பு எப்போதும் வெள்ளைச் சட்டை. நீளக் கை, மணிக்கட்டுப் பொத்தான் பூட்டியிருக்கும். எஞ்சின் கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரே மனிதர் அவர்தான். அது அழுக்காகாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் சட்டைகள்தான்.

வாடிக்கையாளர் வந்தால் உடனே கதைக்க மாட்டார். முதலில் தேத்தண்ணி குடிப்பார். குடித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நிக்கிற நேரம் என்ன சத்தம் போட்டிச்சி? போட்டுக் காட்டுங்க."

தாடி நரைத்த மனிதர்கள் எல்லாம் அவர் முன்னால் நின்று "ட்ர்ர்ர்... புக்... புக்... ப்ஸ்ஸ்" என்று எஞ்சின் போலச் செத்துக் காட்டுவார்கள். நாங்கள் ஸ்பானரைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் விசயம் இருந்தது. மின்சாரப் பிழை என்றால் எஞ்சின் கழுத்தை அறுத்ததுபோல் ஒரேயடியாக நிற்கும். எண்ணெய் கிடைக்காமல் நிற்பது வேறு. அது இழுத்து இழுத்து, இருமி, மூச்சுத் திணறி நிற்கும். அந்த ஒரு சத்தத்தில் பாதி வேலையை மஜீத் போர்மன் முடித்துவிடுவார். மீதிப் பாதியில்தான் அவருக்கும் ஹாஜியாருக்கும் வழுக்கியது.

ஹாஜியார் கல்முனையில் இரும்புக்கடை வைத்திருந்தார். மீன்பிடி பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மீன் ருசியாக இருக்கும் என்பதுதான். வேறொரு கரையிலிருந்து பழைய படகொன்றை எஞ்சினோடு வாங்கினார். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். மினுமினுவென்று பெயின்ற் அடித்திருந்தது. படகு வந்த அன்று கரையில் ஆட்டிறைச்சிச் சோறு கொடுத்தார். ஓட்டுவதற்குச் சலீமைப் பிடித்தார். சலீம் நல்ல கடல்காரன், அமைதியான ஆள். சோறு தின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, படகு அலை உடையும் இடத்தைத் தாண்டியது, வேகம் எடுத்தது, இருமியது, நின்றது. சலீம் கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தான். ஓடியது. திரும்பவும் வேகம் கொடுத்தான். திரும்பவும் நின்றது.

மறுநாள் ஹாஜியார் சலீமையும் கூட்டிக்கொண்டு வந்து போர்மன் முன்னால் நின்றார்.

"சத்தத்தப் போட்டுக் காட்டுங்க ஹாஜி."

"என்னத்த?"

"நிண்ட சத்தத்த."

தொப்பி போட்டு, அத்தர் பூசி, வெள்ளை ஜுப்பாவோடு வந்த மனிதர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, மெல்லத் தொடங்கினார். "ட்ர்ர்ர்..." பிறகு உற்சாகம் வந்துவிட்டது. உடம்பைக் குலுக்கி, இருமி, கழுத்தைத் தொங்கப் போட்டு, அப்படி ஒரு சாவு செத்தார். சலீம் வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எண்ணெய்தான் பிரச்சின," என்றார் போர்மன். "எஞ்சினுக்கு எண்ணெய் போய்ச் சேருதில்ல."

சரியான தீர்ப்பு. வேலையையும் ஒழுங்காகவே தொடங்கினார். தாங்கியின் மூடியைப் பார்த்தார், காற்றுத் துவாரம் திறந்திருந்தது. எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்தார், தண்ணீர் இல்லை. வடிகட்டி சுத்தம். எண்ணெய் உறிஞ்சும் பம்ப்பின் உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வை மாற்றச் சொன்னார், மாற்றினேன். காபரேட்டரை நான் கழுவினேன். ஏனென்றால் கழுவாவிட்டால் ஹாஜியார் வீட்டுக்குப் போகமாட்டார்.

கடைசியாகக் குழாய். தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ரப்பர்க் குழாய் போகும். அதன் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும். கைப்பம்ப் என்போம். காலையில் முதல்தரம் எஞ்சினை இழுக்க முன் அதைக் கையால் அமுக்கி அமுக்கி எண்ணெயை ஏற்ற வேண்டும். குமிழைக் கழட்டி, அதற்கும் தாங்கிக்கும் இடையில் இருந்த நீளத் துண்டைப் போர்மனிடம் கொடுத்தேன். வாயால் ஊதி அடைப்புப் பார்க்கும் வேலையை அவர் யாரையும் செய்யவிடுவதில்லை. குழாயின் ஒரு முனை தாங்கிக்குள் கிடந்து கறுத்து எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. மறுமுனை சுத்தம். வெள்ளைச் சட்டைக்காரர் எந்த முனையை வாயில் வைப்பார்? சுத்தமான முனையில் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போனது.

"குழாய் நல்லம்," என்றார்.

எஞ்சினை வேலைத்தளத்துத் தண்ணீர்ப் பீப்பாவில் பூட்டி, எங்கள் தாங்கியையும் எங்கள் குழாயையும் கொழுவி ஓட்டிக் காட்டினோம். பாட்டுப் பாடியது. ஹாஜியார் கண்கலங்கிப் போனார். எஞ்சின் கடலுக்குப் போனது, நின்றது, திரும்பி வந்தது. எங்கள் பீப்பாவில் மீண்டும் பாடியது. இப்படிப் பல தரம். ஒவ்வொரு தரமும் போர்மன் ஒரு புதுப் பாகத்தை மாற்றச் சொன்னார். ஹாஜியாருக்குப் பழைய எஞ்சின் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகப் புது எஞ்சினாகிக்கொண்டு வந்தது.

பிறகு ஒருநாள் சலீம் திரும்பி வரவில்லை.

காலையில் போனவன், மதியம் லுஹர்த் தொழுகைக்கும் வரவில்லை, பின்னேரம் அஸருக்கும் வரவில்லை. கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. கைபேசி எடுபடவில்லை. எங்கள் ஆட்கள் படகுகளில் போய்த் தேடினார்கள். நானும் கரையில் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பதைத் தவிர அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் பூட்டிய பாகங்கள் எல்லாம் அந்தப் படகில்தான் போயிருந்தன. சலீமின் மனைவி றாபியா ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பொழுது சாயும் மஃரிபுக்குக் கொஞ்சம் முன் காரைதீவுப் படகொன்று சலீமின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மீன் பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். உதடு வெடித்து, கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

ஹாஜியார் ஓடி வந்து முதலில் எஞ்சினைத் தடவிப் பார்த்தார். பிறகு சலீமைப் பார்த்தார்.

அடுத்த நாள் றாபியா வேலைத்தளத்துக்கு வந்தாள். போர்மன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவள் அது முடியும்வரை நிற்கவில்லை.

"சேர், இந்த எஞ்சின் எங்க நிக்கிது?"

"கடல்லதான்."

"நீங்க எங்க வெச்சிப் பாக்கிறீங்க?"

போர்மன் பீப்பாவைப் பார்த்தார்.

"பீப்பாக்குள்ள ஓடுறத்துக்கா என்ட மனிசன் சம்பளத்துக்குப் போறார்? கடல்ல நிக்கிற எஞ்சினக் கடல்ல போய்ப் பாருங்க. நீங்க ஏறாம அவர இனி நான் ஏத்த மாட்டன்."

"நான் கடலுக்குப் போறல்ல புள்ள. எனக்குத் தலசுத்து."

"எனக்கு நேத்து முழுக்கத் தலசுத்துத்தான், சேர்."

போர்மன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சம்மாந்துறையின் பெரிய மெக்கானிக்கைக் கடலுக்கு அனுப்பி வைத்த பெருமை அந்தப் பெண்ணையே சேரும்.

போர்மன் கடலுக்குப் போகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னமே கரைக்குப் போய்விட்டது. வேலை இல்லாதவர்கள் வந்திருந்தார்கள். வேலை உள்ளவர்களும் வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்கு மேலே செம்மஞ்சள் மிதவை அங்கி கட்டி, அதற்கு மேல் இன்னொன்றும் கட்டி, சப்பாத்தைக் கழட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் தோளில் தூக்கிவர மஜீத் போர்மன் படகில் ஏறினார். மணமகனைக்கூட எங்கள் ஊரில் அத்தனை பேர் கூடி அனுப்பியதில்லை. சலீம் எஞ்சினைப் பிடித்தான். நான் நடுவில் இருந்தேன். ஹாஜியார் கரையில் நின்று கையேந்தித் துஆ கேட்டார். எங்களுக்கா எஞ்சினுக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் அலையிலேயே போர்மனின் நிறம் மாறியது. இரண்டாவது அலை படகைத் தூக்கிப் போட்டதும் அவர் உள்ளே இருந்ததை வெளியே விடத் தொடங்கினார். ஓரத்தில் குனியப் பயம், அதனால் படகின் அடித்தட்டிலேயே குப்புறப் படுத்துவிட்டார்.

சலீம் வேகத்தைக் கூட்டினான். கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. பிறகு இருமியது. ஹாஜியார் செத்துக் காட்டிய அதே மாதிரி, குலுங்கி, இழுத்து, நின்றது.

படகு திரும்பிப் பக்கவாட்டில் கிடந்தது. அன்றைக்கு அலை கரைக்குத் தள்ளியது. அலை உடையும் இடம் பின்னால் தெரிந்தது. அதற்குள் படகு பக்கவாட்டாகப் போனால் கவிழும். சலீம் உரிந்த கையால் கயிற்றை இழுத்தான். எடுபடவில்லை. திரும்ப இழுத்தான்.

அப்போது கீழேயிருந்து என் பெயர் சொல்லி ஒரு சத்தம்.

"ஜப்பார்... கைப்பம்ப்பப் பாரு... சப்பட்டையாக் கிடக்கு..."

போர்மனின் கன்னம் படகின் தட்டில் ஒட்டியிருந்தது. மூக்குக்கு நேரே கிடந்தது அந்த ரப்பர்க் குமிழ். எண்ணெய் நிறைந்து உருண்டு இருக்க வேண்டியது, இரண்டு பக்கமும் ஒட்டிப் பருப்பு வடைபோலச் சப்பையாக உறிஞ்சப்பட்டிருந்தது. கடலில் எஞ்சின் நின்ற வேளைகளில் எல்லோரும் பார்த்தது எஞ்சினை. கீழே கிடந்த குமிழை ஒருவரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒருவர் விழுந்து கிடந்து வாந்தி எடுக்க வேண்டியிருந்தது.

"எஞ்சின் இழுக்குது... அந்தப் பக்கமிருந்து வருதில்ல... தாங்கிக்கும் இதுக்கும் நடுவுல அடைப்பு..." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஓங்காளித்தார். "அந்தக் குழாயக் கழட்டு... கேனுக்குள்ள நேரா உடு..."

தாங்கியிலிருந்து வந்த நீளக் குழாயைக் குமிழிலிருந்து பிடுங்கினேன். மேலதிக எண்ணெய்க் கேனைத் திறந்தேன். குமிழின் வாயில் கொழுவ ஒரு சாண் குழாய் வேண்டும், எங்கள் பெட்டியில் ஒரு துண்டு கிடந்தது. அதைக் கொழுவிக் கேனுக்குள் விட்டேன். குமிழ் "பொக்" என்று திரும்பவும் உருண்டது. கேனை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும். நான் குமிழை அமுக்க வேண்டும், சலீம் கயிறு இழுக்க வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு மனிதர்.

மஜீத் போர்மன் எழுந்து உட்கார்ந்து கேனைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சாகப்போகிறவர் போலக் கலிமா சொன்னார். சலீம் இழுத்தான். எஞ்சின் பிடித்தது. முழு வேகத்தில் படகின் தலையைத் திருப்பி, வந்த அலையை நேருக்கு நேர் ஏறினோம். கேனிலிருந்து மண்ணெண்ணெய் எழும்பிப் போர்மனின் நெஞ்சு, கழுத்து, கை எல்லாம் ஊற்றியது. அவர் விடவில்லை. இந்த இடத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் வெளியே சுற்றி, நல்ல இடம் பார்த்து, சலீம் எங்களைக் கரைக்கு ஏற்றினான். வழி முழுக்க எஞ்சின் ஒருதரம்கூட இருமவில்லை.

கரையில் இறங்கியதும் போர்மன் மண்ணில் மல்லாந்து கிடந்தார். ஹாஜியார் குனிந்து கேட்டார்:

"காபரேட்டர்தானே, போர்மன்?"

அந்த மனிதர் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் வேலைத்தளத்துக்கு வந்தபோது புது வெள்ளைச் சட்டை, பொத்தான் பூட்டியிருந்தது. தேத்தண்ணி குடித்தார். கண்ணாடி போட்டார். பிறகு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார்: "நோயாளி கிடக்கிற இடத்துக்குத்தான் டொக்டர் போகணும். நான் அதான் கடலுக்குப் போனன்." றாபியாவின் பெயர் அந்தக் கதையில் வரவில்லை. வாந்தியும் வரவில்லை. அன்று முதல் பழைய எஞ்சின் எல்லாவற்றையும் கடலில், சொந்தத் தாங்கியோடும் சொந்தக் குழாயோடும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார். கடலுக்குப் போகிற வேலை எனக்கு என்றும் சட்டம் போட்டார்.

படகுக்குப் புதுக் குழாய் போட்டோம். சலீம் தொழிலுக்குப் போனான், ஒழுங்காக வந்தான். ஆனால் பழைய குழாயில் என்னதான் பிழை என்பது எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. போர்மன் ஊதினால் காற்றுப் போகிறது. வெளியே ஒரு கீறல் இல்லை. எறியலாம் என்று நான் வைத்திருந்த குழாயை ஹாஜியார் கண்டார்.

"எறியிறதா? நல்ல குழாய் ஜப்பார். காத்துப் போகுதுதானே. நம்மட மற்ற வள்ளத்துக்கு ஆகும்."

அவர் எஞ்சின் நன்றாக ஓடத் தொடங்கிய உற்சாகத்தில் இன்னொரு பழைய படகுக்கும் விலை பேசியிருந்தார். குழாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் இருந்த தன் வாடிக்குக் கொண்டுபோனார். புதுக் குழாயின் இணைப்பைப் பார்க்க நானும் கூடவே போனேன். மீன் கழுவிப் பெட்டியில் அடுக்குகிற அந்தக் கொட்டிலுக்குள் றாபியா கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். குழாயை ஆணியில் தொங்கவிட்டதைக் கண்டாள்.

"ஹாஜியார், இது அந்தக் குழாய்தானே?"

"ஓம் புள்ள. ஒரு பிழையுமில்ல."

அவள் எழுந்து வந்து குழாயை ஆணியிலிருந்து எடுத்தாள். மீன் கீறுகிற பலகையில் நீட்டி வைத்தாள். பெரிய சூரை மீனை எப்படிக் கீறுவாளோ அப்படியே, ஒரு முனையில் கத்தியைக் குத்தி மறுமுனைவரை ஒரே இழுவையில் இழுத்தாள். குழாய் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது.

உள்ளே, நடுப்பகுதியில், ரப்பரின் உட்தோல் நாக்குப்போல உரிந்து தொங்கியது. நான் விரலால் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் பக்கமிருந்து தள்ளினால் நாக்குப் படிந்து வழிவிட்டது. தாங்கிப் பக்கமிருந்து தள்ளினால் எழும்பிக் குறுக்கே நின்றது. எஞ்சின் மெல்ல உறிஞ்சும்போது அது சும்மா கிடந்திருக்கிறது. வேகமாக உறிஞ்சும்போது எழும்பி அடைத்திருக்கிறது, சில வேளை விலகாமல் அப்படியே ஒட்டிக்கொண்டும் நின்றிருக்கிறது. போர்மன் அந்த அழுக்கு முனையில் ஒருதரம் வாய் வைத்து ஊதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

றாபியா அந்த நாக்கையும் அறுத்தாள். குழாயைத் துண்டு துண்டாக, மீன் துண்டு போடுகிற அளவில் வெட்டிப் பலகையிலிருந்து மண்ணில் தள்ளிவிட்டாள்.

"இனி இது ஆருட வள்ளத்துக்கும் போகா," என்றாள்.

ஹாஜியார் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் துண்டுகளைப் பார்த்தார். மனிதருக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

"இந்த நாக்க மட்டும் வெட்டி எடுத்திருந்தா," என்றார், "மிச்சக் குழாய் ஆகியிருக்குமே புள்ள."

அவள் கத்தியைக் கழுவிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.